தட்டில் பச்சை, பையில் புளிப்பு வாடை: சிப்பிக் காளானில் கோளாறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

காளான் இழை வளர்க்கக் கடல்பாசிக் கூழ் ஊற்றிய அகார் தட்டில் பச்சை தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "இது என்ன பூசணம்?" என்றுதான். பெயர் தெரிந்து பெரிய பயன் இல்லை. எந்தப் பூசணமானாலும் அந்தத் தட்டு குப்பைக்குத்தான் போகப்போகிறது. கேட்க வேண்டிய கேள்வி, "எந்த இடத்தில் முளைத்திருக்கிறது?" வைத்த காளான் துண்டை ஒட்டி வந்ததா, விளிம்பில் வந்ததா, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்ததா என்று பார்த்தால், தப்பு எந்த வேலையின்போது நடந்தது என்பது தெரிந்துவிடும். சோள வித்துக்கும் (காளான் இழை படரவிட்ட சோளம்) வைக்கோல் படுக்கைக்கும் (அந்த வித்தைப் போட்டுப் பையில் அடைத்த வைக்கோல்) இதே கணக்குதான்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் ஒரு மேசையும் ஒரு பிரஷர் குக்கரும் வைத்துக்கொண்டு, தட்டிலிருந்து படுக்கை வரை தாங்களே செய்கிறவர்களுக்காக இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறோம். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் கீழே உள்ள அளவுகளோடு உங்கள் அளவுகளை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும்.

சரியான அளவுகள்

அரை லிட்டர் அகாருக்கு: தோல் சீவி நறுக்கிய உருளைக்கிழங்கு 100 கிராம், குளுக்கோஸ் 10 கிராம், அகார் 10 கிராம். கிழங்கை வேகவைத்து வடித்த நீரை 500 மி.லி.க்குக் கொண்டுவந்து மற்ற இரண்டையும் கரைக்க வேண்டும். மருந்துக்கடைக் குளுக்கோஸில் வாசனையும் வைட்டமினும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். 9 செ.மீ. தட்டுக்கு 20 மி.லி. ஊற்றினால் 25 தட்டு வரும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து 30 நிமிடம். பாட்டிலில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. மூடியை இறுக்கவும் கூடாது.

வீட்டுக் குக்கரின் வெயிட் தூக்கும் அழுத்தம் ஏறத்தாழ சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, அதாவது உள்ளே சுமார் 120 டிகிரி. அகாருக்கும் சோளத்துக்கும் அது போதும். நேரம்தான் முக்கியம். குக்கரில் அடைபட்ட காற்று முழுக்க வெளியேறும் முன் வெயிட்டைப் போட்டால், விசில் அடித்தாலும் உள்ளே சூடு குறைவாகவே இருக்கும். ஆவி 5 நிமிடமாவது சீராக வெளியே வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள்.

ஒரு கிலோ வெள்ளைச் சோளத்துக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள். இது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அல்ல. அதைப் போட்டால் காரத்தன்மை ஏறிவிடும். 300 கிராம் பிடிக்கும் பிபி (பாலிபுரொப்பிலீன்) கவரில் நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் குழாய் வளையம் மாட்டிப் பஞ்சு அடைத்து, குக்கரில் 90 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம்.

ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் ஊறி வடிந்ததும் சுமார் 3 கிலோ ஆகும். அதற்கு வித்து 100 முதல் 150 கிராம்.

இனி அறிகுறிகள்.

தட்டில் தெரிபவை

ஊற்றிய அகார் கெட்டியாகவில்லை

மளிகைக்கடையில் "கடல்பாசி" என்று கேட்டு வாங்கியதில் இரண்டு வகை உண்டு. நூலாக அல்லது பட்டையாக இருப்பது வெறும் அகார், வேலைக்கு ஆகும். அட்டைப்பெட்டியில் தூளாக வருவது பல நேரம் சர்க்கரையும் வாசனையும் கலந்த இனிப்புக் கலவை. அதில் அகார் கொஞ்சம்தான். நூல் வகையும் ஒவ்வொரு முறையும் ஒரே கெட்டித்தன்மையோடு இருக்காது. அதனால் புதுப் பாக்கெட்டை உடைத்ததும் 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் கொதிக்கவைத்து ஒரு கிண்ணத்தில் ஆறவிட்டுப் பாருங்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் வழியக் கூடாது. இளகிய தட்டுகளை எறிய வேண்டியதில்லை. அகாரைத் திரும்ப உருக்கி, லிட்டருக்கு 5 கிராம் கூட்டி, மறுபடி குக்கரில் வைக்கலாம். எலுமிச்சை, வினிகர் எதுவும் சேர்க்காதீர்கள். புளிப்போடு சேர்த்து வேகவைத்த அகார் கெட்டிப்படும் சக்தியை இழந்துவிடும்.

மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது

அகாரைச் சூடாக ஊற்றிவிட்டீர்கள். பாட்டிலைக் கன்னத்தில் வைத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அது 45 முதல் 50 டிகிரி. ஊற்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மெல்ல ஆறும், வியர்வையும் குறையும். கெட்டியானதும் கவிழ்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்தாலும் கொஞ்சம் வியர்க்கும். அந்த மாதங்களில் ஊற்றிய தட்டை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பயன்படுத்துவது நல்லது. மூடியில் தேங்கிய நீர் ஓடினால் ஒரே ஒரு பாக்டீரியாப் புள்ளியைத் தட்டு முழுக்க இழுத்துவிடும்.

எதுவும் வைக்காத தட்டிலேயே முளைத்துவிட்டது

இரண்டு வாய்ப்பு. எல்லாத் தட்டிலும், அகாருக்கு உள்ளேயே கலங்கலாகத் தெரிந்தால் குக்கர் நேரம் போதவில்லை. மேற்பரப்பில் மட்டும், சில தட்டில் மட்டும் என்றால் ஊற்றும்போது காற்றில் வந்தது. இதைப் பிரித்தறியத்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டை ஒன்றும் வைக்காமல் விட்டுவைக்கச் சொல்கிறோம். அந்த இரண்டு தட்டு இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்தக் கோளாறுக்கும் உறுதியான பதில் கிடைக்காது.

வைத்த துண்டை ஒட்டி மட்டும் முளைக்கிறது

குற்றவாளி நீங்கள் வைத்த துண்டுதான். காற்றைக் குறை சொல்ல வேண்டாம். அறையை மாற்ற வேண்டாம். தட்டைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். துண்டைச் சுற்றி எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பான வளையம், கஞ்சி நிறம் அல்லது மஞ்சள் கலந்த வெள்ளை தெரிந்தால் அது பாக்டீரியா. காளான் இழை அதைத் தாண்டி வெளியே ஓடியிருக்கும். மேலிருந்து பார்த்தால் நல்ல தட்டாகத்தான் தோன்றும். இதை நம்பிச் சோளத்தில் போட்டால் ஐந்தாம் நாள் பை புளிக்கும்.

காப்பாற்ற வழி உண்டு. இழையின் வெளி விளிம்பிலிருந்து, பளபளப்பு எட்டாத இடத்தில், அரிசி அளவு துண்டு எடுத்துப் புதுத் தட்டில் வையுங்கள். பாக்டீரியா விளிம்பு வரைக்கும் வந்துவிட்டதென்றால், புதுத் தட்டில் துண்டை வைத்து அதன்மேல் சுத்தமான அகார்ச் சில்லு ஒன்றை மூடிபோல வையுங்கள். இழை அதைத் துளைத்து மேலே ஏறி வரும். பாக்டீரியாவால் அவ்வளவு எளிதில் ஏற முடியாது. மேலே வந்த இழையிலிருந்து மறுபடி எடுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றினால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும்.

காளானிலிருந்தே திசு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கோளாறு அதிகம் வரும். தண்ணீர் தெளித்து இரண்டு மணி நேரத்துக்குள் பறித்த காளானில் உள்ளேயும் ஈரம் ஏறியிருக்கும். தெளிப்பதை நிறுத்தி அரை நாள் விட்டுப் பறியுங்கள். கத்தியால் வெட்டாமல் கையால் நீளவாக்கில் கிழித்து, காம்பும் குடையும் சேரும் இடத்தின் உள்சதையிலிருந்து மிளகு அளவு எடுங்கள்.

துண்டுக்குத் தொலைவில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்

இது காற்று. நம் ஊரில் அதிகம் வருவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மின்விசிறியை நிறுத்தி உடனே வேலை தொடங்குவது போதாது. கிளம்பிய தூசி அடங்க அரை மணி நேரமாவது ஆகும். கடற்கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். சன்னலை மூடினாலும் கதவிடுக்கில் இழுக்கும். தட்டு வேலைக்கு விடியற்காலை நல்லது. தெரு பெருக்கும் முன், அடுப்பு பற்றவைக்கும் முன் முடித்துவிடுங்கள்.

சமையலறை வேண்டாம். இட்லி மாவு பொங்குகிற, தயிர் உறைகிற, பழம் கனிகிற அறையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் எப்போதும் மிதக்கும். நெல் மூட்டை, வைக்கோல், தேங்காய் மட்டை, கோழிக்கூடு இருக்கும் அறையும் ஆகாது. வைக்கோல் வெட்டிய உடையோடு தட்டைத் தொடாதீர்கள். குளித்து, ஈரத் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

வேலைக்குக் காற்று அசையாப் பெட்டி வேண்டும். 50 லிட்டர் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, முன்பக்கம் கை நுழைய இரண்டு வட்டத் துளை வெட்டினால் போதும். உள்ளே சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். கைகளையும் கருவிகளையும் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்பிரிட் ஆவி நிறைந்த பெட்டிக்குள் சுடரைக் கொண்டுபோகவே கூடாது, பற்றிக்கொள்ளும். கத்தியைப் பெட்டிக்கு வெளியே சிவக்கக் காய்ச்சி, உள்ளே கொண்டுவந்து அகாரின் ஓரத்தில் தொட்டு ஆறவிடுங்கள். மூடியை முழுக்கத் திறக்காமல் ஒருபக்கம் மட்டும், கத்தி நுழையும் அளவு தூக்குங்கள். திறந்த தட்டின் மேலாக உங்கள் கை குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால் மூன்று தட்டு எடுங்கள். ஒன்றைத் திறக்காமலே வையுங்கள். ஒன்றைப் பெட்டிக்குள் ஒரு நிமிடம் திறந்து மூடுங்கள். மூன்றாவதை அதே அறையில் பெட்டிக்கு வெளியே ஒரு நிமிடம் திறந்து மூடுங்கள். ஐந்து நாள் கழித்து எண்ணுங்கள். வெளியே பத்து, பெட்டிக்குள் ஒன்றோ இல்லையோ என்று வந்தால் பெட்டி சரி. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நீங்கள் கையை ஆட்டும் வேகத்தில்தான் கோளாறு.

தட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வருகிறது

மூடி இறுக்கம் போதவில்லை, அல்லது ஈரம் விளிம்பில் தேங்கியது. மைக்ரோபோர் டேப் (காற்றுப் புகும் மருத்துவக் காகித டேப்) ஒரு சுற்று, நனையாத இடத்தில் ஒட்டுங்கள். புள்ளிகள் கால்தடம்போல வரிசையாக, வளைந்து வளைந்து போயிருந்தால் அது பேன் போன்ற நுண்ணிய சிலந்திப்பூச்சி. பூசணத் தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு நடந்த தடம். பூதக்கண்ணாடியில் அசையும் புள்ளியாகத் தெரியும். அந்தத் தட்டுகள் அத்தனையும் அன்றைக்கே வெளியே போக வேண்டும். மிச்சத்தை ஜிப் கவரில் போட்டு, தட்டு வைக்கும் தாம்பாளத்தை சோப்புத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றி வையுங்கள். எறும்புக்குப் பாட்டிமார் செய்த அதே ஏற்பாடுதான்.

எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, எது காளான் எது பூசணம்?

பச்சைப் பூசணமான டிரைக்கோடெர்மா முதல் இரண்டு நாள் வெள்ளையாகவே இருக்கும். ஏமாற வைப்பது இங்கேதான். ஒரே தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பிக் காளான் இழை பளிச்சென்ற வெள்ளை. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல அடர்த்தியாக, விளிம்பு வரை ஒரே சீராக விரியும். தட்டு முடிந்ததும் சுவரில் ஏறும். 25 டிகிரியில் 9 செ.மீ. தட்டை 7 முதல் 10 நாளில் மூடும். டிரைக்கோடெர்மாவின் வெள்ளை மங்கல். சிலந்தி வலைபோல மெல்லியது, அடியில் இருக்கும் அகார் தெரியும். மூன்று நாளில் அரைத் தட்டை எட்டிவிடும். நாலாம் நாள் நடுவில் இளம்பச்சைத் தூள் வட்டமாகக் கிளம்பி, வெளியே ஒரு வெள்ளை ஓரம் மட்டும் மிஞ்சும். காளான் இழையைவிட வேகமாக ஓடும் எந்த வெள்ளையையும் சந்தேகியுங்கள்.

நரைமுடி போல உயரமாக எழுந்து நுனியில் கறுப்புப் புள்ளி வந்தால் அது ரொட்டிப் பூசணம். கறுப்புத் தூள், மஞ்சள் கலந்த பச்சைத் தூள் ஆகியவை ஆஸ்பர்ஜில்லஸ். அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. திறக்காமல் அப்படியே குக்கரில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

ஆரஞ்சு நிறத் தூள்

இருந்த இடத்தில் இருந்தபடியே, மூடியைத் தொடாமல், ஈரத்துணியில் சுற்றி வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். இது நியூரோஸ்போரா என்ற பூசணம். ஒரு நாளில் பஞ்சடைப்பைத் தாண்டி வெளியே தூள் தள்ளும். ஒரு பையில் வந்தால் அந்த அலமாரி முழுக்க வரும்.

மஞ்சள் நிறச் சொட்டுகள்

இழைமேல் தேன் சொட்டுபோல மஞ்சள் நீர் நிற்பது, காளான் எதையோ எதிர்த்துக்கொண்டிருக்கிறது அல்லது தட்டு பழசாகிவிட்டது என்பதற்கான அடையாளம். பக்கத்தில் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயம் இல்லை. ஆனால் சூடு அதிகமா என்று கவனியுங்கள்.

இழை மெல்ல வளர்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பஞ்சாகப் பொங்குகிறது

முதலில் அறைச் சூடு. சிப்பிக் காளான் இழைக்கு 25 முதல் 28 டிகிரி பிடிக்கும். 35 தாண்டினால் நின்றுவிடும். 40ஐ ஒட்டிப் போனால் சாகும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டின் மாடி அறையில் தட்டு வைத்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்தது தண்ணீர். கடலோரத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. நாக்கில் கரித்தால் அகாருக்கு அதை விட்டுவிட்டுக் கேன் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் மந்தமென்றால் இனம் களைத்துவிட்டது. தட்டிலிருந்து தட்டுக்கு, அதிலிருந்து மறு தட்டுக்கு என்று மாற்றிக்கொண்டே போனால் இப்படி ஆகும். ஒரே தட்டில் ஒரு விசிறிப்பகுதி மட்டும் வேறு மாதிரி வளர்ந்தால் அதைத் தவிர்த்து, சீராக ஓடும் பகுதியில் எடுங்கள். நல்ல இனம் கிடைத்த அன்றே சாய்த்து உறையவைத்த அகார்க் குழாயில் ஐந்தாறு தாய் வளர்ப்பு எடுத்துக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்துவிட வேண்டும். சில மாதம் தாங்கும். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். தனி டப்பாவில், ஜிப் கவருக்குள் வையுங்கள். இளஞ்சிவப்புச் சிப்பிக் காளான் மட்டும் இதற்கு விலக்கு. அது குளிர் தாங்காது, குளிர்பெட்டியில் செத்துப்போகும். அறையிலேயே வைத்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

புது இனம் வேண்டுமென்றால் விருத்தாச்சலத்திலோ புதுச்சேரி குரும்பாபேட்டிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் கேட்கலாம்.

சோள வித்தில் தெரிபவை

பையின் நடுவில் ஈரத் திட்டு, புளித்த வாடை

சோளம் குழைந்துவிட்டது, அல்லது நடுப்பகுதிக்குச் சூடு எட்டவில்லை. சோளத்தை 12 மணி நேரம் ஊறவைத்து 20 முதல் 30 நிமிடம் வேகவைத்தால் போதும். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். தோல் வெடிக்கக் கூடாது. வெடித்த மணியிலிருந்து வரும் கஞ்சிதான் பாக்டீரியாவுக்குத் தீனி. வடித்துத் துணியில் பரப்பி, கையில் அள்ளினால் உள்ளங்கை நனையாத வரை உலர்த்துங்கள். மழைநாளில் இதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். விசிறிக்கடியில் பரப்பலாம், இந்தக் கட்டத்தில் தூசியைப் பற்றிக் கவலை இல்லை.

ஊறவைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. சோளத்தில் உறங்கும், வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா நுண்வித்துகள் (ஸ்போர்) ஊறும்போது முளைத்துவிடும். முளைத்தபின் எளிதில் சாகும். ஊறவைக்காமல் நேராக வேகவைத்தவர்களுக்குத்தான் 2 மணி நேரம் குக்கரில் வைத்தும் புளிப்பு வரும்.

குக்கரில் பைகளை நெருக்கித் திணிக்காதீர்கள். அடியில் தட்டு போட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, விசில் நிற்காமல் அடிக்காதபடி தீயைக் குறைத்து வையுங்கள். அடிக்கடி விசில் விட்டால் தண்ணீர் வற்றி, பை உருகி, குக்கரும் போகும்.

பஞ்சடைப்புக்குக் கீழே பச்சை

பஞ்சு நனைந்தது. குக்கரில் வைக்கும்போது பஞ்சின்மேல் அலுமினியத் தாளோ செய்தித்தாளோ கட்டுங்கள். நனைந்த பஞ்சைப் பெட்டிக்குள் வைத்துக் காய்ந்த, வேகவைத்த பஞ்சாக மாற்றிவிடலாம்.

அகார்த் துண்டைச் சுற்றி மட்டும் கெட்டது

தட்டைப் போய்ப் பாருங்கள். அதே தட்டிலிருந்து வெட்டிய மற்றப் பைகளையும் நம்பாதீர்கள்.

பாதியில் நின்றுவிட்டது

ஏழாம் நாள் பையைக் குலுக்கவில்லை என்றால் மேல்பாதி வெளுத்து அடிப்பாதி அப்படியே நிற்கும். மூன்றில் ஒரு பங்கு வெளுத்ததும் ஒருமுறை பிசைந்து உதிர்த்துவிட்டால் பதினைந்து நாளுக்குள் நிறைந்துவிடும். பையை மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல வித்தில் காளான் மணம் வரும். புளிப்போ, அழுகிய ஆப்பிள் வாடையோ வந்தால் வைக்கோலுக்குக் கொண்டுபோக வேண்டாம். "கொஞ்சம்தானே" என்று நினைக்கும் அந்தக் கொஞ்சம் பத்துப் படுக்கையைக் கெடுக்கும்.

படுக்கையில் தெரிபவை

வைக்கோல் முழுக்கப் பச்சை

வித்து சுத்தமாக இருந்து, பச்சை வித்து இல்லாத இடத்திலும் வந்திருந்தால் வைக்கோலைச் சந்தேகியுங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கமும் பாகூர்ப் பக்கமும் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டால் வைக்கோல் வயலிலேயே கறுத்துவிடும். இயந்திரத்தில் உருளையாகக் கட்டியதில் வெளியே மஞ்சளாகவும் உள்ளே சாம்பல் பூத்தும் இருக்கும்; வாங்கும் முன் ஒரு கட்டைப் பிரித்து நடுவில் மோந்து பாருங்கள். தை, மாசியில் காய்ந்து வந்த சம்பா வைக்கோலை வாங்கி உயரத்தில் அடுக்கிவைப்பதே நல்லது.

3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 5 மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். வைக்கோல் மிதக்கும், மேலே கல் வைக்க வேண்டும். மிதந்த மேல்பகுதி வேகாமல் போவதுதான் பல வீடுகளில் பச்சைக்குக் காரணம். தெர்மாமீட்டரைப் பானையின் நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும்.

படுக்கையின் அடியில் தண்ணீர், அழுகல்

ஒரு பிடி வைக்கோலை இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் வடியவிடுங்கள். படுக்கையின் அடியில் இரண்டு சிறு துளை போடவும் மறக்காதீர்கள்.

நடுப்பகுதி மட்டும் வெளுக்கவில்லை

சூட்டுக் கோளாறு. வைக்கோல் முழுக்க ஆறும் முன் வித்துப் போட்டிருக்கலாம். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். அல்லது படுக்கை பருமன் அதிகம். இழை ஓடும்போது படுக்கை தானே சூடாகும்; உள்சூடு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். பங்குனிக்கு மேல் பெரிய பையை விட்டு, சிறிய விட்டமுள்ள பைக்கு மாறுங்கள். ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவதைவிடப் பால் காளான் போடுவதே எங்கள் ஆலோசனை. அது 30 முதல் 35 டிகிரியில் வளரும். மேலே மண் மூடாக்கு மட்டும் வேண்டும்.

மெல்லிய காம்புக் குடைகள் முளைத்துக் கறுப்பு மையாகக் கரைகின்றன

மைக் காளான். வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது அதில் சாணமோ யூரியாவோ கலந்திருக்கிறது. கரையும் முன் பிடுங்கி எறியுங்கள். படுக்கையில் முளைத்தது என்பதற்காக எதையும் சமைத்துவிடக் கூடாது; நீங்கள் போட்ட இனம் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சமையுங்கள்.

துளைகளைச் சுற்றிச் சிறு கறுப்பு ஈக்கள்

ஈ தன்னோடு பூசணத்தையும் கொண்டுவரும்; அதன் புழு இழையைத் தின்னும். சன்னலுக்கும் கதவுக்கும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை, உள்ளே மஞ்சள் ஒட்டு அட்டை. அறுத்து முடிந்த பழைய படுக்கையை அதே கொட்டகையில் குவிக்காதீர்கள், ஈ பெருகுவது அங்கேதான். படுக்கைமேல் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

காளானில் தெரிபவை

முழுக்க வெளுத்தும் மொட்டு வரவில்லை

இனத்தைப் பாருங்கள். சாம்பல் கலந்த நீலச் சிப்பிக் காளான் போன்ற குளிர் இனங்களுக்கு நம் கரையில் மார்கழி இரவுகூடப் போதுமான குளிராக இருக்காது. வெள்ளைச் சிப்பியும் இளஞ்சிவப்பும்தான் இங்கே நம்பகமானவை. இனம் சரியென்றால் ஈரமும் வெளிச்சமும்: செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம், 85 சதவீதத்துக்கு மேல் காற்றீரம். பையைக் கீறிய மூன்று நான்கு நாளில் மொட்டு தெரிய வேண்டும்.

காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகிறது

காற்றோட்டம் இல்லை. காளானும் மூச்சு விடுகிறது. அந்தக் கரியமில வாயு தரையோடு தேங்கும். ஈரத்தைக் காப்பதற்காக அறையை இறுக்க மூடுகிறவர்களுக்குத்தான் இது வரும். கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் ஒவ்வொரு வழி விடுங்கள். ஈரத்துக்குத் தரையில் மணல் பரப்பி நனையுங்கள், சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

மொட்டு காய்ந்து சுருங்குகிறது, குடையின் ஓரம் வெடிக்கிறது

ஆனி, ஆடியில் மேல்காற்று. மதியம் கடல்காற்று வரும்வரை அடிக்கிற அந்த வறட்டுக் காற்று நேராகப் படுக்கைமேல் பட்டால் ஒரு காலையிலேயே மொட்டு கருகும். மேற்குச் சன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டி, அதை ஒரு மணிக்கு ஒருமுறை நனையுங்கள். மொட்டின்மேல் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

குடையில் மஞ்சள், பழுப்புத் திட்டு, கொழகொழப்பு

தண்ணீர் குடையில் தேங்கி நின்றதால் வரும் பாக்டீரியா. தெளித்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடை உலர்ந்துவிட வேண்டும். உலராத மழைநாளில் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள், காற்று போதும். பாதித்ததைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

அறை முழுக்க வெள்ளைத் தூள், இருமல்

அறுவடை தாமதம். குடையின் ஓரம் கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே, மொட்டு வந்து மூன்றாம் நாளளவில் பறித்துவிட வேண்டும். ஓரம் மேல்நோக்கித் திரும்பிவிட்டால் குடையிலிருந்து நுண்வித்துத் தூள் (ஸ்போர்) கொட்டும். தினமும் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் ஒவ்வாமை வரலாம். கொட்டகைக்குள் போகும்போது முகக்கவசம் போட்டு, முதலில் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றுப் போகவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூள் மறுபடி மேலே கிளம்பும்.